மாதம்தான் சரியில்லை

என் தம்பி துபாய் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் திரும்பிய வருடம் ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கினான். அப்போது அவனுக்கு நாற்பத்திரண்டு வயது. வண்டி வந்த அன்று அவன் மனைவி என்னிடம் வந்து, "இந்த வயசுல இது தேவையா? நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்றாள். நான் சொல்லவில்லை. பதினெட்டு வருடம் அங்கே அடுத்தவர் குடும்பங்களுக்குக் கார் ஓட்டியவன். தனக்கென்று ஒன்றை ஓட்டிப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் மன்னார்குடியில் ஒரு பள்ளியில் புவியியல் ஆசிரியை. என் வீடும் அவன் வீடும் ஒரே தெருவில், நாலு வீடு தள்ளி. கணவர் மஸ்கட்டில், மகள் திருச்சியில் ஹாஸ்டலில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தம்பி டீ குடிக்க வருவான். நான் பெரும்பாலும் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருப்பேன்.

அவன் பைக் ஓட்டுகிறவர்களின் வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் சேர்ந்திருந்தான். தஞ்சாவூர், கும்பகோணம், பாபநாசம், பட்டுக்கோட்டை என்று இந்தப் பக்கத்து ஆட்கள், ஐம்பது அறுபது பேர். பல் டாக்டர் ஒருவர், பேங்க்காரர்கள், ஜவுளிக்கடைக்காரர்கள், உரக்கடைக்காரர்கள். எங்கள் ஜில்லாவில் ஏறுவதற்கு மேடு என்று எதுவும் கிடையாது. ஆற்றங்கரை ஏற்றம்தான் எங்களுக்கு மலை. அதனால் இவர்கள் லீவு கிடைத்தால் மேற்கே பார்த்துக் கிளம்பிவிடுவார்கள். திரும்பி வந்து போட்டோ போடுவார்கள். ஞாயிறு சாயங்காலம் ஒரு விளையாட்டு உண்டு: ஒருவர் தான் போன சாலையின் படத்தைப் பெயர் சொல்லாமல் போட வேண்டும். எந்தச் சாலை என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். பரிசு ஒன்றும் கிடையாது. பேர்தான்.

ஒரு ஞாயிறு தம்பி போனை என் முன்னால் நீட்டினான்.

"அக்கா, இது கொடைக்கானலா, ஊட்டியா? ஆளுக்கு ஒண்ணு சொல்றானுங்க."

சிவப்பு மண். இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் மிளகுக் கொடி. வளைவில் ஒரு பலகை, அதில் 9/20 என்று இருந்தது.

"ஏற்காடு" என்றேன். "மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவு அங்கதான்."

அவன் டைப் செய்தான். சரியென்று பதில் வந்தது.

"நீ எப்பக்கா ஏற்காடு போனே?"

"நான் எங்க போனேன்."

உண்மையில் நான் பார்த்த மலை ஒன்றுதான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஊட்டிக்கு அழைத்துப் போனது. போகும்போதும் வரும்போதும் பிள்ளைகள் வாந்தியெடுத்ததால் நான் ஜன்னலுக்கு வெளியே அதிகம் பார்க்கவில்லை. ஆனால் முப்பது வருடமாக மண், மழை, பயிர், உயரம் என்று பாடம் நடத்தியிருக்கிறேன். படத்தில் அழகான பகுதி எனக்குப் பயன்படாது. மேகமும் பள்ளத்தாக்கும் எல்லா மலையிலும் ஒன்றுதான். ஓரங்களைப் பார்க்க வேண்டும். மைல் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. கல்லில் தமிழா, மலையாளமா, கன்னடமா. கரண்டுக் கம்பம் சிமெண்டா, இரும்பா. தேயிலை எந்த உயரத்தில் முடிந்து காப்பி எங்கே தொடங்குகிறது. நிழல் எந்தப் பக்கம் விழுகிறது. இவ்வளவும் தெரிந்தால் சாலை தானாகப் பிடிபட்டுவிடும்.

அதற்குப் பிறகு வாராவாரம் அது வழக்கமாயிற்று. அவன் காட்டுவான், நான் சொல்வேன், அவன் டைப் செய்வான். கொல்லிமலை, வால்பாறை, வளைவுக்கு ஒரு பூவின் பெயர் வைத்த மேகமலைச் சாலை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவந்தேன். குரூப்பில் தம்பிக்கு 'மேப்பு' என்று பேர் வந்தது. அவன் யாரிடமும் இது அக்கா சொன்னது என்று சொல்லவில்லை. நானும் சொல்லச் சொல்லவில்லை. பள்ளி டீச்சர் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இதைச் செய்கிறாள் என்று தெரிவதில் எனக்கு இஷ்டமில்லை. ஆனால் சரியென்று பதில் வருகிறதா என்று அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பேன். அதை மறைப்பதற்கில்லை.

அந்தக் குரூப்பில் நன்றாகப் படம் எடுப்பவர் பேராவூரணிக்காரர் ஒருவர். தேங்காய் வியாபாரம். தனியாகவே போகிறவர். நேரில் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. அவர் படங்களில் அவர் இருக்க மாட்டார். ஒரு ஓரத்தில் வண்டியின் முன்சக்கரமும் பாதி ஹேண்டிலும் மட்டும் தெரியும். மற்றவர்கள் மேகத்தைப் பார்த்து எடுக்க, அவர் சாலையைப் பார்த்து எடுப்பார். கல், கம்பம், தடுப்புச் சுவர் எல்லாம் இருக்கும். எனக்கு அவர் படங்களைப் பிடிக்கும்.

ஒரு ஐப்பசியில் நாலு நாளாக விடாத மழை. பள்ளிக்கு லீவு விட்டிருந்தார்கள். சம்பா வயல்களில் நாற்று முழுகிக் கிடந்தது. அந்த ஞாயிறு மூன்று மணிக்கு மேல் தம்பி என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் சத்தம் கேட்டது. கை எச்சிலாக இருந்ததால் என்னிடம் தள்ளினான். "நீயே போட்டுரு, அக்கா."

பேராவூரணிக்காரர் படம். கீழே, 'இன்று காலை. எந்த ரோடு?' என்று எழுதியிருந்தார்.

சரிவு முழுக்கத் தேயிலை. பச்சைத் தலை மைல் கல்லில் பாதி தெரிந்த மலையாள எழுத்து. சாலையோரத்தில் ஜக்கராந்தா மரங்கள், கிளையெல்லாம் ஊதாப் பூ. தார் ரோட்டின் மேலும் பூ உதிர்ந்து கிடந்தது. ரோடு காய்ந்து வெளுத்திருந்தது. மூணாறிலிருந்து மறையூர் போகிற வழி. சாலையைக் கண்டுபிடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அந்தப் பூ அங்கே மாசி பங்குனியில்தான் பூக்கும்.

நான் இப்படி டைப் செய்தேன்: 'சாலை மூணாறு–மறையூர். மாதம்தான் சரியில்லை. இந்த ஊதாப்பூ பங்குனியில் பூப்பது. இது இன்று காலை எடுத்த படம் இல்லை.'

பரீட்சைத் தாளில் தப்பைச் சுழிக்கும்போது மனசில் எதுவும் இருக்காது. அன்றும் எனக்கு எதுவும் இல்லை. அனுப்பிவிட்டுத் தம்பிக்கு ரசம் ஊற்றினேன்.

அரை மணி நேரத்தில் குரூப் அதகளப்பட்டது. முதலில் சிரிப்பு. பிறகு ஆளாளுக்கு அவர் போட்ட பழைய படங்களைத் தோண்டினார்கள். ஆடியில் அவர் போட்ட ஒரு படத்தில் இருக்கும் டீக்கடையை ரோடு அகலப்படுத்துவதற்காக முன்பே இடித்துவிட்டார்கள் என்று பல் டாக்டர் எழுதினார். 'அண்ணனோட ரைடுல எத்தனை நெசம்?' என்று ஒருவர் கேட்டார். 'மியூசியம்' என்று ஒருவர் எழுதினார். அதற்குப் பத்துப் பதினைந்து பேர் சிரிக்கிற முகம் போட்டார்கள். பேராவூரணிக்காரர் எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்தார் என்பதற்கான அடையாளம் தெரிந்தது. பதில் வரவில்லை. சாயங்காலம் மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் அவர் குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டதாக ஒரு வரி வந்தது.

"போய்ட்டாருக்கா" என்றான் தம்பி.

"ம்" என்றேன். அன்று அவ்வளவுதான்.

தை மாதம் தம்பி வண்டிக்கு ஏதோ வேலை என்று பட்டுக்கோட்டை மெக்கானிக்கிடம் போய்விட்டு நேரே என் வீட்டுக்கு வந்தான். ஹெல்மெட்டைக்கூட வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அந்தப் பேராவூரணி அண்ணனுக்கு ஆக்சிடெண்ட்டுக்கா."

"எப்ப?"

"இப்ப இல்ல. ரெண்டு வருஷம் ஆச்சாம். அவர் ஊர்கிட்டயே. ரோட்டுல நெல்லு காயப்போட்டிருந்திருக்காங்க. வண்டி அப்படியே சறுக்கிருச்சு. இடது முட்டில பிளேட்டு. கால் மடங்காதாம். அன்னையிலேர்ந்து வண்டியே எடுக்கலையாம்."

இரண்டு வருடம். நான் தம்பிக்காகக் கண்டுபிடித்துச் சொன்ன அவருடைய படங்கள் எல்லாமே அந்த இரண்டு வருடத்தில் வந்தவை. எழுபது வளைவுள்ள சாலைகளில் விழாதவர் தன் ஊர்ச் சமதளத்தில் நெல்லில் விழுந்திருக்கிறார். நான் எழுதியதை ஒருமுறை மனசுக்குள் படித்துப் பார்த்தேன். அதில் தகவல் பிழை எதுவும் இல்லை. அது உதவவில்லை.

"போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றேன்.

"எதுக்குக்கா? போனா அவருக்குத்தான் சங்கடம். நான் போன்ல பேசிக்கிறேன்."

"எழுதுனது நான். நீ என்ன பேசுவே?"

அடுத்த ஞாயிறு போனோம். பஸ்ஸில் போகலாம் என்று நான் நினைத்திருந்தேன். பட்டுக்கோட்டையில் மாற வேண்டும், நேரமாகும் என்று தம்பி வண்டியை எடுத்தான். ஐம்பத்தொரு வயதில் முதல் தடவையாக அந்தப் பெரிய வண்டியில் பின்னால் உட்கார்ந்தேன். புடவையை இடுக்கி, முக்காட்டைப் பின் குத்தி, ஹெல்மெட்டை மாட்டியதும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அறுவடை நேரம். இரண்டு பக்கமும் பாதி வயல் தாள், பாதி வயல் கதிர். மிஷின் அறுத்துக்கொண்டிருந்தது. மதுக்கூர் தாண்டி ஓரிடத்தில் ரோட்டின் பாதியை அடைத்து நெல் கொட்டிக் காயவைத்திருந்தார்கள், ஓரத்துக்குக் கல் அடுக்கி. தம்பி வேகத்தைக் குறைத்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு மெதுவாகக் கடந்தான். சக்கரத்துக்கடியில் நெல் நொறுங்குவது எனக்கு இருக்கையில் தெரிந்தது. நான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே வயல் குறைந்து தென்னை தொடங்கியது. புயலில் போன மரங்களுக்குப் பதிலாக வைத்த கன்றுகள் ஆள் உயரம் தாண்டியிருந்தன.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் தேங்காய் மட்டை குவிந்திருந்தது. பக்கத்து ஷெட்டில் தார்பாய் போர்த்தி ஒரு வண்டி நின்றது. கதவைத் திறந்தது அவர் மனைவி. தம்பி தன் பேரைச் சொல்லி, குரூப்பில் இருப்பவன் என்றான். அந்த அம்மா முகம் மாறியது.

"மேப்புன்னு சொல்வாங்களே, அவரா?"

"ஆமாங்க" என்றான் தம்பி.

"வாங்க" என்றார். வந்தவர்களை வராதே என்று சொல்லக் கூடாது என்பதற்காகச் சொன்ன 'வாங்க'.

அவர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது காலை நேராக ஒரு முக்காலி மேல் நீட்டியிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். எழுந்திருக்கப் பார்த்தார். தம்பி ஓடிப்போய் வேண்டாம் என்றான். கொஞ்ச நேரம் மழை, தேங்காய் விலை, எங்கள் பக்கத்து அறுப்பு என்று பேச்சு போனது. என்னை யார் என்று அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன்.

"அன்னைக்கு அதை எழுதினது தம்பி இல்லைங்க. நான்தான். இத்தனை நாளா எல்லாம் சொன்னதும் நான்தான்."

அவர் தம்பியைப் பார்த்தார். அவன் தலையை ஆட்டினான்.

"நீங்க வண்டி ஓட்டுவீங்களா?"

"சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதுங்க. நான் ஜியாகரஃபி டீச்சர்."

"அந்த ஊருக்கெல்லாம் போயிருக்கீங்களா?"

"இல்லைங்க."

"போகாமயேவா இத்தனையும் சொன்னீங்க?" என்று அவர் கேட்டது கோபத்தில் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பிறகு சொன்னார்: "நீங்க எழுதினதுல தப்பில்லைங்க. பூ பங்குனியிலதான். நான் போனது பங்குனிதான். ஆனா எனக்குத் தனியா எழுதிக் கேட்டிருக்கலாம்."

"ஆமாங்க. கேட்டிருக்கலாம். கேக்காதது என் தப்பு."

அவர் மனைவி டம்ளர்களில் இளநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

அவராகவே சொன்னார். "ஆஸ்பத்திரில கெடக்கும்போது ஒருத்தர் மெசேஜ் போட்டாரு, இந்த ஞாயித்துக்கிழமை உங்க முறை, போட்டோ எங்கன்னு. விழுந்துட்டேன்னு எழுத மனசு வரலைங்க. எப்படியும் ஆறு மாசத்துல ஓட்டிருவேன்னு நெனச்சேன். பழசுல ஒண்ண எடுத்துப் போட்டேன். 'செம ரைடுண்ணே'ன்னு எழுதுனாங்க. நான் இல்லைன்னு சொல்லல, அவ்வளவுதான். அப்புறம் அது அப்படியே போயிருச்சு."

"அப்ப 'இன்று காலை'ன்னு போட்டது?" என்று தம்பி கேட்டுவிட்டான். கேட்டபின் என்னைப் பார்த்தான்.

"அது நானா எழுதுனதுதான்" என்றார் அவர். "அன்னைக்கு டாக்டர் சொல்லிட்டாரு, இனிமே கியர் வண்டி முடியாதுன்னு."

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க" என்றார் அவர் மனைவி, என்னைப் பார்த்து. "வண்டிய வித்துரலாம்னு சொல்லும்போதெல்லாம் இருக்கட்டும் இருக்கட்டும்னாரு. குரூப்ல இருந்து வெளிய வந்த அன்னைக்குத்தான் சொன்னாரு. மூணு மாசமா போனைத் தொடறதே இல்ல. சத்தம் வந்தா திருப்பி வச்சுருவாரு." சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் டம்ளரின் ஈரத்தைத் துடைத்தார். துடைக்க அதில் ஈரம் அதிகம் இல்லை.

கிளம்பலாம் என்று நான் நினைத்தபோது அவர் மேசையிலிருந்த லேப்டாப்பை எடுத்துத் தரச் சொன்னார். விழுந்த அன்று அவருடைய போன் உடைந்துபோயிருக்கிறது. படங்களைக் கடையில் கொடுத்து மீட்டிருக்கிறார். எல்லாம் வந்துவிட்டன. ஆனால் எல்லாவற்றிலும் கடைக்காரர் மீட்ட தேதிதான் இருந்தது. பத்து வருடப் பயணமும் ஒரே நாளில் நடந்ததுபோல் வரிசையில்லாமல் கிடந்தது. சிலது எந்த ஊர் என்று அவருக்கே மறந்துவிட்டது.

ஒன்றைத் திறந்து என் பக்கம் திருப்பினார். "இது எங்கன்னு சொல்லுங்க பாப்போம்."

"ஆழியாறுலேர்ந்து வால்பாறை ஏறற வழி. கீழ டேம் தெரியுது."

"இது?"

"மஞ்சள் கல்லு, கன்னடம். பந்திப்பூர்க் காட்டு ரோடு. நல்ல வெயில் காலம், மூங்கில் காஞ்சிருக்கு."

அவர் இன்னொன்றைத் தேடி எடுத்தார். இதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். குறுகலான, உடைந்த ரோடு. இரண்டு பக்கமும் தேயிலை, பனி. கல்லும் இல்லை, கம்பமும் இல்லை. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

"இதுவும் வால்பாறைதான். எஸ்டேட்டுக்குள்ள போற வழி."

"இல்லைங்க" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. "மாஞ்சோலை. திருநெல்வேலிப் பக்கம். அந்த ரோட்டுல எங்கயும் கல்லே இருக்காது. எல்லாரும் வால்பாறைன்னுதான் சொல்வாங்க." மனைவி பக்கம் திரும்பி, "டீச்சருக்கே தெரியல பாரு" என்றார்.

நான் தோற்றதில் அவருக்கு இருந்த சந்தோஷம் நான் மன்னிப்புக் கேட்டபோது இல்லை. அந்த அம்மா மறுபடி உள்ளே போய் முறுக்குத் தட்டோடு வந்தார். நாங்கள் இரண்டு மணி நேரம் இருந்தோம்.

ஊர் திரும்பியதும் தம்பியைக் குரூப்பில் எழுதச் சொன்னேன்: மேப்பு நானில்லை, என் அக்கா; பேராவூரணி அண்ணனுக்கு விபத்து நடந்து இரண்டு வருடமாகிறது; அவரைப் பற்றி எழுதியதற்கு அக்கா வருத்தப்படுகிறாள். அவனுக்கு அந்தப் பேரை விடுவதில் கஷ்டம் இருந்தது. இரண்டு நாள் தள்ளிப்போட்டு எழுதினான். பலர் கட்டைவிரல் போட்டார்கள். பல் டாக்டர் மட்டும் பேராவூரணிக்காரருக்குப் போன் செய்து பேசினார் என்று கேள்விப்பட்டேன். திரும்பி வாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார். அவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு இன்னும் சில வாரம் நடந்து, தானாக நின்றுபோனது. கார் வைத்திருக்கும் ஒருவர் தன் பேரப்பிள்ளை படங்களைப் போட ஆரம்பித்ததும் ஒரு காரணம் என்று தம்பி சொல்வான்.

படங்களுக்குப் பேர் எழுதும் வேலை மட்டும் தொடர்ந்தது. அவர் நாலு நாலாக எனக்கு அனுப்புவார். நான் சாலையும் மாதமும் எழுதி அனுப்புவேன். அவர் ஒத்துக்கொண்டால் அவர் மனைவி ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதி வைப்பார். ஒத்துக்கொள்ளாவிட்டால் அவரே போனில் என்னோடு சண்டை போடுவார். பேசப் பேச அவருக்கு மறந்தது திரும்ப வந்தது: இந்த வளைவில் டயர் பஞ்சரானது, இங்கே யானைக்காக ஒரு மணி நேரம் நின்றது. நான் பார்த்தே தெரிந்துகொள்ள முடியாத விஷயங்கள் அவை. கோடை லீவு முடிவதற்குள் பெரும்பாலும் முடித்துவிட்டோம். ஷெட்டில் நின்ற வண்டியை அந்த வருடமே தஞ்சாவூரில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். வாங்கியவர் எடுத்துப் போக வந்தபோது இவர் உள்ளேயே இருந்துவிட்டதாக அந்த அம்மா சொன்னார்.

புரட்டாசியில் ஒரு நாள், பள்ளி விட்டு வந்து நான் பை வைப்பதற்குள் அவர் போன் வந்தது. ஒரு ஸ்கூட்டர் வாங்கி, பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்துக் கட்டியிருக்கிறார். கியர் இல்லாதது. அன்று மதியம் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து மல்லிப்பட்டினம் கடற்கரை வரை போய் வந்திருக்கிறார்.

"எப்படி இருந்துச்சுங்க?" என்று கேட்டேன்.

"வளையவே மாட்டேங்குதுங்க. மாட்டு வண்டி ஓட்டற மாதிரி இருக்கு. ஒரு திருப்பத்துல இவங்க கத்திட்டாங்க."

பின்னாலிருந்து அந்த அம்மா, "நான் எங்க கத்தினேன், அவருதான்" என்பது கேட்டது.

"போட்டோ எடுத்தீங்களா?"

"இல்லைங்க. ஹேண்டிலை விடவே இல்ல."

மீன் வாங்கி வந்ததாகவும், அதை ஆய்ந்துகொண்டே பேசுவதாகவும் சொன்னார். நாளைக்குப் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். நான் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, காலாண்டுத் தாள்களை எடுத்து வைத்தேன்.